மதகடியில் ஒரு மேடு

கார்த்திகை மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலையில், குத்தாலத்து மெக்கானிக் துரைக்கண்ணு சைக்கிளின் பின்னால் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு புங்கந்தலைக்கு வந்தார். தார்ச்சாலையிலிருந்து ஊருக்கு வாய்க்கால் கரைமேல் மூன்று மைல். கரை முழுவதும் களிமண். பாதி வழி அவர் சைக்கிளில் வந்தார். மீதி வழி சைக்கிள் அவர் தோளில் வந்தது.

கோட்டையில் ஆட்சி மாறி ஐந்து வருஷம் முடிந்திருந்தது. ஊர் முகப்பில் கறுப்புச் சிவப்புக் கொடி ஒரு கம்பத்திலும் செங்கொடி ஒரு கம்பத்திலும் நனைந்து ஒட்டிக்கொண்டு கிடந்தன. நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மிராசுதார்கள் நிலத்தைப் பல பேர்களில் எழுதிவைத்துவிட்டுச் சென்னைக்குக் குடிபோனார்கள். புங்கந்தலைக் கரைச் சாலைக்கு மட்டும் ஒரு வண்டி கப்பிக்கல் வந்து சேரவில்லை.

மிராசுதார் ஸ்ரீநிவாசனின் வீடும் அப்படித்தான் பூட்டிக் கிடந்தது. வாசற்கதவின் பூட்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கொல்லைப்புறத்துக் கார் ஷெட்டின் கதவருகே வீரையன் சாவியோடு நின்றிருந்தார். அதே பண்ணையில் பிறந்து, உழுது, நட்டு, அறுத்து, பின்னால் பண்ணை டிராக்டரில் கைபழகியவர். ஊரைவிட்டுப் போகிற அன்று ஸ்ரீநிவாசன் தம்முடைய பழைய கறுப்புக் காரின் சாவியை அவர் கையில் கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதற்குப் பரிகாரமாக அதைக் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீரையன் கதவைத் தள்ளினார். பழைய ஆயிலும் எலிப்புழுக்கையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை வெளியே வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. சேற்றிலிருந்து அப்போதுதான் பறித்த நாற்றின் பச்சை வாசனை.

நடவு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரில் ஒரு நாற்றங்கால்கூட மிச்சமில்லை.

துரைக்கண்ணு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஷெட்டில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அந்தக் கறுப்புக் கார். அதற்குப் பின்னால், சுவரோரம், கிழிந்த தார்ப்பாய் போர்த்திய ஒரு வேன். கேஸ் முடிந்து போலீஸார் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

காரின் குறை இன்னதென்று அவருக்கு முன்பே தெரியும். நல்ல ரோட்டில் பறக்கும். களியில் முதல் கியரில் மெல்லப் போனால் மூச்சு முட்டி அணைந்துவிடும். போன வருஷம் வீரையனின் மகள் செவ்வந்தியை வலியெடுத்துக் கொண்டுபோனபோது கரையில் ஏழு இடத்தில் அணைந்தது. எட்டாவது இடத்தில் அந்தக் குழந்தை வண்டிக்குள்ளேயே பிறந்து, அழாமலே போயிற்று. இப்போது அவளுக்கு மறுபடியும் மாதம் நிறைந்திருந்தது. புருஷன் மருதையன் நாகப்பட்டினம் பக்கம் ரோடு வேலைக்குப் போயிருந்தான். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கார் இழுத்தாக வேண்டும்.

அதற்கு வழி ஒன்றுதான் என்று துரைக்கண்ணு பொறுமையாக விளக்கினார். எஞ்சினுக்குள் கேம் ஷாப்ட் என்று ஒரு தண்டு இருக்கிறது. அதில் முட்டை வடிவில் முட்டுகள் இருக்கும். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த முட்டுகள்தான் சொல்லும். எஞ்சினின் மூச்சே அதன் கையில் இருக்கிறது. காரில் இருப்பது வேகத்துக்காகக் கடைந்த தண்டு. பாரம் இழுக்கக் கடைந்த தண்டு ஒன்றைப் போட்டால் ஓட்டம் குறையும், ஆனால் நின்ற இடத்திலிருந்து மாடுபோல இழுக்கும். காருக்கும் இந்த வேனுக்கும் ஒரே எஞ்சின்தான்.

வீரையன் நெடுநேரம் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியில இருக்கறதையா மேஸ்திரி?"

"வேற எங்க தேடினாலும் பத்து நாள் ஆகும் வீரையா. இரும்புக்கு என்னப்பா தெரியும்? நாம எதுக்குச் செலுத்தறமோ அதுக்குத்தான் ஓடும்."

வீரையன் தாமே போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அந்த வேன்தான் அவர் மனைவி அம்சத்தின் மேல் ஏறியது.

அன்று பகல் முழுவதும் துரைக்கண்ணு வேனைப் பிரித்தார். ரேடியேட்டரை இறக்கி, முன்மூடியைக் கழற்றி, தண்டைச் சுழற்றும் டைமிங் செயினை எடுத்தார். ஐந்து வருஷம் கிடந்த வண்டி; போல்ட்டெல்லாம் துருவேறி முறுக்கிக்கொண்டன. உள்ளே தண்டும் துருவேறித்தான் இருக்கும், தேய்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் அது எண்ணெயில் நனைந்த உருளைபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

துளித் துரு இல்லை.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தண்டின் முகப்பில், புள்ளி உளியால் தட்டிய ஒரு சின்னப் பிள்ளையார் சுழி. தாம் பொருத்துகிற ஒவ்வொரு பாகத்திலும் அதைத் தட்டாமல் துரைக்கண்ணு வண்டியை மூடமாட்டார். குத்தாலத்தில் அந்தப் பழக்கம் வேறு எந்த மெக்கானிக்குக்கும் கிடையாது. அந்தச் சுழி அங்கே இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதைக் கண்டபோது கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

அது அம்சம் இறந்த வருஷத்துப் புரட்டாசி நடவுக் காலம். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மிராசு வெளியூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்து நடச் சொல்லிற்று. ஆட்களோடு வேன் சேற்றில் திணறுகிறது, இழுவை வேண்டும் என்று பண்ணைக் காரியஸ்தர் ஆளனுப்ப, துரைக்கண்ணு ஒரே நாளில் இந்தத் தண்டைப் போட்டுக் கொடுத்தார். வேன் டிரைவர் வேம்பு அப்போது பிள்ளைக்கு நேர்ந்துகொண்டு நாகூருக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இனிமேல் காலை எடுத்தாலும் வண்டி நிற்காது என்று சொல்ல வேண்டும், என்று நினைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்.

சொல்லவில்லை. மறந்துவிட்டார்.

வேம்பு நல்லவன். பெண்கள் வேனை மறிப்பதாக இருந்தது; மறியலுக்கு முந்தின நாள் மாலை ரகசியமாக அம்சத்திடம் வந்து, மதகடியில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன், சேற்றில் வண்டி தானாக அணைந்துவிடும், வண்டி போகவில்லை என்று பண்ணையில் சொல்லிக்கொள்கிறேன், யாரும் பயந்து எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பெண்கள் அவனை நம்பிப் படுத்தார்கள். அம்சம் முதல் ஆளாக, தலைக்கு ஒரு நாற்று முடியை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வேம்பு சொன்னபடியே காலை எடுத்தான். வேன் நிற்கவில்லை. முதல் கியரில், நிதானமாக, இழுத்துக்கொண்டே போயிற்று. பதறிப் பிரேக்கை மிதித்தான். சேறு பிடித்த சக்கரம் வழுக்கிற்று.

காலை எடுத்துவிட்டேன், சத்தியமாக எடுத்துவிட்டேன் என்று வேம்பு ஒவ்வொரு வாசலாகப் போய் அழுதான். பொய்யன், மிராசுக்கு விலைபோனவன் என்று ஊர் காறித் துப்பியது. பத்தாம் நாள் அதே மதகடித் தண்ணீரில் அவன் உடல் மிதந்தது. கோர்ட்டில் விபத்து என்று முடிந்தது. அவன் சொன்னது நிஜம் என்று அறிந்த ஒரே மனிதர், குத்தாலத்தில் தினமும் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, காரியஸ்தர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த இரும்பாலேயே அம்சத்தின் மகளைக் கரைசேர்த்துவிட்டால் பாவத்தில் ஒரு பிடியாவது குறையாதா? அதற்காகத்தான் அவர் வந்திருந்தார்.

அன்றிரவு அவர் வீரையன் வீட்டில் தங்கினார். தெருவில் சிலருக்கு ஆச்சரியம்; குத்தாலத்து மேஸ்திரி இந்தத் தெருவில் கைநனைப்பாரா என்று. அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி கீரைக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"இந்தத் தடவை கார் இழுக்குமா மேஸ்திரி? இல்ல, நான்தான் எறங்கித் தள்ளணுமா?"

"இழுக்கும் தாயி."

"தள்ளச் சொன்னாலும் தள்ளுவேன். அப்பாதான் பாவம், அழுதுடும்," என்று சிரித்தாள். வீரையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெற்றிலைப் பையில் எதையோ தேடுவதுபோல் நெடுநேரம் தேடினார்.

மறுநாள் காலையில் தண்டைக் காரில் ஏற்றினார் துரைக்கண்ணு. வீரையன் பக்கத்தில் இருந்து மண்ணெண்ணெயால் துடைத்துக் கொடுத்தார். பல்சக்கரங்களின் இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் வரும்படி செயினை மாட்டி, முன்மூடியைக் கையில் எடுத்தபோது, வீரையன் மெதுவாகக் கேட்டார்.

"சுழி போடலீங்களா மேஸ்திரி?"

"போட்டாச்சுப்பா."

வீரையன் தலையசைத்தார். விடிந்ததிலிருந்து அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சுத்தியல் விழுந்த சத்தத்தை அவர் கேட்கவில்லை. ஆனாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு எஞ்சின் உயிர்பெற்றது. தாழ்ந்த, கனத்த, அவசரமில்லாத துடிப்பு. வானம் மறுபடியும் கறுத்துத் தூற்றல் போட்டது. வீரையன் ஓட்ட, துரைக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்தார். கரையேறியதும் முதல் கியரில் போட்டுக் காலை எடுக்கச் சொன்னார். கார் அணையவில்லை. களியை அறுத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் போயிற்று. வீரையனின் முகத்தில் ஒரு வருஷத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்ததைத் துரைக்கண்ணு பார்த்தார். மனதுக்குள் சுவாமிக்குக் கும்பிடு போட்டார்.

மதகு வந்தது.

முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

பின்சக்கரம் ஏறி இறங்கியது.

கல்லில் ஏறினால் ஒரு அதிர்ச்சி இருக்கும். கட்டையில் ஏறினால் ஒரு முறிவு இருக்கும். இது மெத்தென்று ஏறி, மெத்தென்று இறங்கியது.

வீரையன் வண்டியை நிறுத்தினார். இருவரும் இறங்கிப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தார்கள். களிமண்மேல் டயர்த்தடம் இரண்டு கோடாக, எங்கும் மேடு பள்ளமில்லாமல், ஒரே சமமாக ஓடியிருந்தது. கல் இல்லை. கட்டை இல்லை. தூற்றல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

நாற்றின் வாசனை.

"மதகுக் கல்லாத்தான் இருக்கும்," என்றார் துரைக்கண்ணு. மதகுக் கல் இருபதடி தள்ளி இருந்தது. வீரையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது அதே இடத்தில் மறுபடியும் ஏறி இறங்கியது. 

தண்டைக் கழற்றிவிடலாம், பழையதையே மாட்டிவிடலாம் என்று துரைக்கண்ணு முடிவு செய்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஷெட்டில் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தார். அப்போதுதான் தெருவிலிருந்து ராசம்மாள் ஓடிவந்தாள். ஊரில் பிரசவம் பார்க்கிறவள் அவள்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன் கையில் இல்லை, உடனே கிளம்புங்கள் என்றாள்.

ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவியது.

பின்சீட்டில் செவ்வந்தி ராசம்மாளின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். வீரையன் ஓட்டினார். துரைக்கண்ணு கையில் டார்ச்சோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. விளக்கொளி பத்தடிக்கு மேல் போகவில்லை. இருபுறமும் வயல் இருளில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. எஞ்சின் தாழ்ந்த குரலில் சீராகத் துடித்தது. ஓரிடத்திலும் அணையவில்லை. போன வருஷம் குழந்தை போன இடத்தை அணையாமலே தாண்டிவிட்டார்கள். செவ்வந்தி வலிக்கு நடுவே அப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மதகு நெருங்கியபோது தவளைச் சத்தம் நின்றது.

மழை கண்ணாடியில் விழுவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

வண்டிக்குள் நாற்றின் வாசனை நிறைந்தது.

"அப்பா," என்றாள் செவ்வந்தி. குரல் குழந்தையின் குரல்போல இருந்தது. அவள் படுத்த இடத்திலிருந்து வண்டியின் கூரை மட்டுமே தெரியும். "அம்மா படுத்திருக்குப்பா."

வீரையன் கிளச்சையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினார். வண்டி நின்றது. விளக்கு வெளிச்சத்தில் சாலை வெறுமையாக இருந்தது.

"என்னால முடியாது மேஸ்திரி," என்று முணுமுணுத்தார். "அவ மேல என்னால ஏத்த முடியாது."

துரைக்கண்ணு இறங்கினார். காருக்கு முன்னால் போய், வெளிச்சத்தில் மண்டியிட்டு, இரண்டு கையையும் களியில் ஊன்றினார். குளிர்ந்திருக்க வேண்டிய மண்.

வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளங்கைக்கடியில் ஏதோ மெல்ல உயர்ந்தது; தாழ்ந்தது. உயர்ந்தது, தாழ்ந்தது. பின்னால் எஞ்சின் துடிக்கிற அதே கணக்கில். தூங்குகிற ஒருத்தியின் முதுகில் கைவைத்ததுபோல் இருந்தது.

ஐந்து வருஷமாக அவர் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது.

"அம்சம்... தாயி... வேம்பு காலை எடுத்துட்டான். அவன் பொய் சொல்லல. நான்தான் அந்தத் தண்டைப் போட்டேன். அவன்கிட்டச் சொல்லாம விட்டேன். கேட்டப்பவும் சொல்லல. பழி என்மேல. இது உன் பொண்ணு தாயி. கொஞ்சம் வழி விடு."

கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசுகிற சின்னச் சத்தம் கேட்டது. எழுந்திருக்க முயல்கிற ஒருத்தி கையை ஊன்றினால் அப்படித்தான் கேட்கும்.

ஊன்றினாள். எழ முடியவில்லை. மறுபடியும் ஊன்றினாள்.

துரைக்கண்ணுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் யாரையும் பழிவாங்க வந்து படுத்திருக்கவில்லை. வழியை மறிக்கவும் இல்லை. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கனத்தது. திரும்பிப் பார்த்தார். விளக்குகள் இரண்டும் நகர்ந்து வந்துகொண்டிருந்தன. நிதானமாக. முதல் கியரில்.

"மேஸ்திரி," என்றார் வீரையன், இருளுக்குள்ளிருந்து, கத்தக்கூட முடியாமல். "நான் பிரேக்க மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நான் காலை எடுக்கலீங்க."

துரைக்கண்ணு பம்பர்மேல் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நாற்பது வருஷம் இரும்போடு போராடிய தோள். கார் அவரைச் சேற்றோடு சேர்த்துத் தள்ளியது. தாமே பொருத்திய இழுவை எவ்வளவு என்று அவர் அப்போது அறிந்தார். சறுக்கி ஓரமாக விழுந்தார். ஒரு கை மட்டும் அந்தக் கதகதப்பின் மேலேயே இருந்தது.

முன்சக்கரம் ஏறி இறங்கியது.

பின்சக்கரம் ஏறி இறங்கியது.

உள்ளே செவ்வந்தி ஒரே ஒரு முறை அலறினாள்.

அவர் உள்ளங்கைக்கடியில் உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று.

தவளைகள் மறுபடியும் கத்தத் தொடங்கின.

அதன்பிறகு, துரைக்கண்ணு எழுந்து ஏறிக்கொண்டதும், கார் சொன்னபடி கேட்டது. ஒரு முறைகூட அணையாமல் தார்ச்சாலை ஏறி, மாயவரம் ஆஸ்பத்திரிக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தது. டாக்டர் இருந்தார். நர்ஸுகள் ஓடிவந்தார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை சற்று முன்புதான் வயிற்றுக்குள்ளேயே மூச்சை விட்டிருக்கிறது என்றார் டாக்டர்; வழியில் எங்கேயாவது விழுந்தாளா, வயிற்றில் பாரம் எதுவும் ஏறியதா என்று கேட்டார். பெண் குழந்தை.

வராந்தாவில் வீரையனும் துரைக்கண்ணுவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.  விடிந்த பிறகு வீரையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க மதகடியில சொன்னது எனக்கு முன்னாடியே தெரியுங்க. துடைக்கறப்பவே அந்தச் சுழியைப் பார்த்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே வீரையா."

"எம் பொண்ணு போய்ச் சேரணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க அன்னிக்கு எதுக்கு மூடிக்கிட்டீங்களோ."

அதற்குமேல் அவர் குற்றம் சொல்லவில்லை. ஒரு வசவு வாங்கியிருந்தால் துரைக்கண்ணுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வார்டுக்குள் போனபோது செவ்வந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலடி கேட்டுத் திரும்பினாள். சேறு காய்ந்த அவர் வேட்டியையும், சிராய்த்துத் தோல் போன தோளையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரொட்டி தலைமாட்டில் தொடாமல் இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நேத்து மத்தியானத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடலியே மேஸ்திரி நீங்க."

அவர் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று, ஒவ்வொரு வாயாக அழுதுகொண்டே தின்றார். இந்த உலகம் எதனால் இன்னும் நிற்கிறது என்று அவரைக் கேட்டால் அந்த ரொட்டியைத்தான் சொல்வார். அது அவரைக் காப்பாற்றியதா என்றால், இல்லை.

அந்த வாரமே தண்டைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கல்லைக் கட்டி, குத்தாலத்தில் கரைபுரண்டு ஓடிய காவிரியில் நடு ஆற்றில் விட்டார். காருக்குப் பழைய தண்டையே மாட்டிக் கொடுத்தார். சீர்காழிப் பக்கம் போய் வேம்புவின் மனைவி கண்ணாத்தாளைத் தேடிக் கண்டுபிடித்து, அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, இதை அந்த மனுஷன் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தை போய், மாசி போய், பங்குனி வந்தது. ஆறு வற்றி மணலாகிவிட்டது. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. துரைக்கண்ணு மணலில் இறங்கித் தாம் விட்ட இடத்தில் தேடினார். கட்டிய கல் இருந்தது. கிழிந்த சாக்கு இருந்தது. தண்டு இல்லை.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வாசலில் என்ன மேஸ்திரி போட்டு வைத்திருக்கிறீர்கள், வண்டி ஏறி இறங்குகிறதே என்று. வாசல் சிமெண்டுத் தரை. அவரே மட்டம் பார்த்துப் பூசியது. எதுவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். அந்த இடத்தின் மேல் ஒரு சக்கரமும் ஏறக் கூடாதென்று, விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, நான்கு கல்லை நட்டுக் கயிறு கட்டினார். எல்லா வண்டியையும் தெருவிலேயே நிறுத்தச் சொல்லி, வெயிலில் படுத்து வேலை பார்த்தார். வாடிக்கையாளர்கள் மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தார்கள். அம்சம் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும் என்றுதான் அவர் அப்படிச் செய்தார். அவரால் இனி செய்யக்கூடிய உபகாரம் அது ஒன்றுதான்.

பங்குனி உத்திரத்தன்று பிற்பகல், வழக்கறிஞர் அமிர்தலிங்கத்தின் கார் எஞ்சினின் வால்வு டேப்பெட் சரிசெய்ய வந்தது. தெருவோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு அவர் எதிர்க்கடைக்கு மோர் குடிக்கப் போனார். வண்டிக்குள் யாரும் இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் துரைக்கண்ணு கல் கொடுத்திருந்தார். தெருவில் காற்றில்லை. அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாற்றின் வாசனை வந்தது.

தலையை நிமிர்த்தினார்.

நின்ற இடத்திலேயே, காரின் முன்பக்கம் மெத்தென்று உயர்ந்தது; இறங்கியது. கயிற்றுக்குள் அல்ல, அந்தக் காருக்கு அடியில் அவள் படுத்திருந்தாள்.

துரைக்கண்ணு கையைக் கூப்பினார்.

பின்பக்கம் உயர்ந்தது.